நகம் பட்டால் பள்ளம் விழும் பலகையில் ஒரு பயண வண்டி

எங்கள் ஹோண்டா சிஆர்-வி காரின் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. இந்தக் கார் இழுக்கக்கூடிய ட்ரெய்லரின் எடை அதிகபட்சம் 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துத் தூங்க நான் கட்டிய வண்டியில் எது எப்படி அமைந்தது என்று கேட்டால் பாதிக் கேள்விகளுக்கு அந்த வரிதான் பதில்.

மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். கோடை வந்தால் வடக்கே ஏரிக்கரைகளுக்குக் கிளம்பிவிடுவோம். மூன்று வருடம் கூடாரத்தில்தான் படுத்தோம். சுப்பீரியர் ஏரிக்கரையில் ஜூலையிலும் ராத்திரி குளிரும், மழை சொல்லாமல் வரும். நள்ளிரவில் கூடாரத்துக்குள் தண்ணீர் ஊறி, மகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு காருக்கு ஓடிய ஒரு இரவுக்குப் பிறகு, “இனிமேல் தரையில் படுக்க நான் வரவில்லை” என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் முதுகுவலி எனக்குத் தெரியும். அது நியாயமான முடிவு.

கடையில் விற்கும் சிறிய ட்ரெய்லர்களைப் போய்ப் பார்த்தோம். எங்களுக்குப் பிடித்தவை வெறும் வண்டியாகவே 500, 600 கிலோ இருந்தன. படுக்கை, தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் காரின் எல்லையைத் தொட்டுவிடும். ஒரு ட்ரெய்லருக்காகக் காரை விற்றுவிட்டு டிரக் வாங்குவது தலைவலிக்குத் தலையணையை மாற்றும் வேலை. பிளைவுட்டில் நாமே கட்டலாமா என்று கணக்குப் போட்டால் அதுவும் 450 கிலோவுக்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம்தான் ஃபோம் பலகை பக்கம் வந்தேன். இங்கே பலர் பல வருடங்களாக இப்படிக் கட்டிவருகிறார்கள். வீட்டுச் சுவருக்குள் குளிர் இறங்காமல் இருக்க வைக்கும் பலகையை வெட்டி ஒட்டிப் பெட்டியாக்கி, மேலே கேன்வாஸ் துணியைப் பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் தெர்மாகோல் என்று சொல்கிறோமே, சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்த வெள்ளைப் பலகை, அது இல்லை. மூலப்பொருள் ஒன்றுதான், பாலிஸ்டைரீன். ஆனால் தெர்மாகோலில் உருண்டைகளுக்கு நடுவே இடுக்கு இருக்கும், தண்ணீர் புகும். நான் சொல்வது உருக்கி, நுரைக்க வைத்து, அச்சு வழியாகத் தள்ளி எடுக்கும் பலகை. வெட்டிப் பார்த்தால் ஒரே சீராக இருக்கும், தண்ணீரை ஏறக்குறைய குடிக்கவே குடிக்காது. டௌ நிறுவனம் 1940களில் ஸ்டைரோஃபோம் என்ற பெயரில் கொண்டுவந்தது இதைத்தான். எங்கள் பக்கத்துக் கடையில் கிடைத்தது ஓவன்ஸ் கார்னிங்கின் இளஞ்சிவப்புப் பலகை. 4க்கு 8 அடி, 2 அங்குலக் கனம். எடை நாலு கிலோகூட இல்லை. அதே அளவு முக்கால் அங்குல பிளைவுட்டை ஒரு ஆள் தூக்கித் திரும்புவதற்குள் இடுப்பு பேசும். ஃபோம் பலகையை என் மகள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள்.

ஆனால் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. இதையா மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு போவது என்று எனக்கும் பயம்தான். அதனால் ஒன்றும் கட்டாமல் முதலில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். நீங்களும் இதைச் செய்யாமல் பலகை வாங்காதீர்கள். அரை அடி அகலம், நாலு அடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் கேன்வாஸ் துணியை மரப்பசையால் ஒட்டி, மூன்று நாள் காயவிட்டேன். கராஜில் நாலு அடி இடைவெளியில் கல் அடுக்கி, துண்டை மேலே வைத்து, நடுவில் சோனா மசூரி அரிசி மூட்டையை ஏற்றினோம். மூட்டை ஒவ்வொன்றும் 20 பவுண்டு. வெறும் ஃபோம் துண்டு முதல் மூட்டைக்கு வளைந்தது, இரண்டாவது மூட்டைக்குப் படாரென்று இரண்டாகப் போனது. துணி ஒட்டிய துண்டு மூன்று மூட்டையைச் சுமந்துகொண்டு அரை மணி நேரம் நின்றது. ஒரு விரல் கனம் தொய்ந்தது, அவ்வளவுதான். மூட்டையை எடுத்ததும் நிமிர்ந்துவிட்டது.

காரணம் எளிது. சுமை ஏறும்போது கீழ்த்துணி இழுபடுகிறது, மேல்துணி நசுக்கப்படுகிறது. இரண்டையும் இரண்டு அங்குல இடைவெளியில் நகராமல் பிடித்துவைப்பது மட்டுமே ஃபோமின் வேலை. அதாவது பலம் தோலில் இருக்கிறது. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1975ல் பறக்கவிட்ட வேரிஈஸி என்ற சிறு விமானத்தின் இறக்கைகூட, சூடான கம்பியால் ஃபோமை வெட்டி மேலே கண்ணாடி இழையும் எபாக்ஸிப் பசையும் போட்டுச் செய்ததுதான். நமக்குக் கண்ணாடி இழை வேண்டாம், பருத்தித் துணி போதும். ஆனால் தத்துவம் அதேதான்.

அடித்தளத்துக்கு, நட்டு போல்ட்டு போட்டு நாமே பூட்டிக்கொள்ளும் 4க்கு 8 அடி இரும்புச் சட்டம் ஒன்று வாங்கினேன். 2023 மார்ச்சில் வேலை தொடங்கியது. தரைக்கு மட்டும் ஃபோமின் இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் பிளைவுட் ஒட்டி, ஓரம் சுற்றிலும் மரச்சட்டம் கொடுத்தேன். முழங்காலும் குதிகாலும் ஊன்றும் இடத்தில் துணி தாங்காது. சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் அந்த ஓர மரத்தில்தான் இறங்குகின்றன.

சுவரும் கூரையும் எழுப்புவது சுலபமான பகுதி. நீளமாக நீட்டக்கூடிய கட்டர் கத்திதான் கருவி. ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காமல், அளவுகோலை வைத்து மூன்று நாலு முறை இழுத்தால் சுத்தமாக வரும். மந்தமான அலகு ஃபோமைப் பிய்த்துவிடும், அதனால் அலகை முறித்துக்கொண்டே இருங்கள். துண்டுகளைச் சேர்க்கப் பாலியூரித்தேன் பசை. ஈரம் பட்டால்தான் அது வேலை செய்யும், எனவே ஒரு பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். பசை காயும்வரை துண்டுகள் நழுவாமல் இருக்க, கறி சுடும் மூங்கில் குச்சியைக் குறுக்காகக் குத்திவிட்டோம். குச்சி உள்ளேயே தங்கிவிடுகிறது, ஆணிக்கு ஆணி. கூரையின் முன்பக்க வளைவுக்கு ஒரு அங்குலப் பலகை இரண்டைத் தனித்தனியாக வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் பசை காய்ந்ததும் வளைவு அப்படியே நிற்கும். நானும் மகளும் மூன்று சனிக்கிழமைகளில் பெட்டியை நிறுத்திவிட்டோம். வெளியே ஐந்தடி அகலம், எட்டடி நீளம். உள்ளே 54 அங்குல மெத்தை ஒன்று சரியாகப் பொருந்துகிறது. மூவரும் நெருக்கிப் படுக்கலாம்.

இந்தக் கட்டத்தில் ஒரு பலகை வீணானது. ஒரு மூலையில் கைக்கு அவசரமாகக் கிடைத்த ஸ்ப்ரே பசையை அடித்தேன். சர்க்கரையில் வெந்நீர் ஊற்றியதுபோல ஃபோம் கண்ணெதிரே கரைந்து உள்வாங்கியது. கைமுட்டி அளவுக்குக் குழி. பெட்ரோல், அசிட்டோன், தின்னர் கலந்த எந்தப் பொருளும் இதற்கு எமன். கார் ஒட்டுவேலைக்கு விற்கும் பாலியெஸ்டர் ரெசினும் அப்படித்தான். எபாக்ஸி சரி, தண்ணீர் கலந்த பசையும் பெயின்ட்டும் சரி. எதையும் முதலில் கழிவுத் துண்டில் தடவி ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.

அடுத்தது துணி. இங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

என் அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தவர். வாட்ஸ்அப்பில் வண்டியைக் காட்டினேன். ஃபோமைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. துணியைக் காட்டச் சொன்னார். பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கும் கனமான பருத்தி கேன்வாஸ், கடையில் இருந்து வந்த மடிப்பு கலையாமல் இருந்தது.

“ஏஞ்சாமி, தொவச்சியா?”

“இல்லீங்கப்பா. புதுசுதானுங்களே.”

“புதுசுங்கறதாலதான் கேக்கறன். கஞ்சி இருக்குமல்லோ. அதுல பசை எறங்காது. மேலயே நிக்கும். சுடுதண்ணில ஒரு அலசு அலசிக் காயப்போட்டு அப்புறம் வெட்டு.”

வெந்நீரில் துவைத்து உலர்த்தியதும் நீளத்தில் ஒரு சாணுக்கு மேல் சுருங்கியிருந்தது. துவைத்த துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சியது. துவைக்காத துண்டில் அந்தச் சொட்டு முத்துமாதிரி நின்றது. அப்பாவிடம் காட்டினேன். “அதான்” என்றார்.

ஃபோமின் மேல்பரப்பு பளபளவென்று வழுக்கும். அதன்மேல் பசை பிடிக்காது. கம்பி பிரஷ்ஷால் எல்லாத் திசையிலும் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். டைட்பாண்ட் 2 என்ற மரப்பசை, கொஞ்சம் தண்ணீர் விட்டு மோர் பதத்துக்கு. முதலில் ஃபோமில் தாராளமாகப் பூச வேண்டும். மேலே துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவ வேண்டும். அப்புறம் துணியின் மேலேயும் பசை. வெள்ளைத் துணி ஊறி மங்கலான மஞ்சளாக மாறும், நெசவின் இடுக்கெல்லாம் நிரம்பும். அதுவரை விடக் கூடாது. பிளாஸ்டிக் தகட்டால் வழித்தால் அதிகப்படிப் பசையும் காற்றும் ஓரத்தில் வந்துவிடும். மூலைகளில் இரண்டு துணியும் ஒன்றன்மேல் ஒன்று மூன்று அங்குலமாவது ஏற வேண்டும். காய்ந்து முடிந்ததும் விரலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று மொட்டையாகக் கேட்கும். ஒட்டாத இடத்தில் உடுக்கை மாதிரி அதிரும்.

எனக்கு முதல் சுவரில் முக்கால்வாசி இடம் அதிர்ந்தது.

அது ஏப்ரல் மாதம். மதியம் வெயில் இருந்தது, கராஜ் கதவைத் திறந்துவைத்து உற்சாகமாக ஒட்டி முடித்தோம். ராத்திரி வெப்பம் நாலு டிகிரிக்கு இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் துணியின் ஓரமெல்லாம் சுண்ணாம்புப் பொடி மாதிரி வெளுத்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மழையில் நனைந்த சுவரொட்டி போல முழுத்துணியும் உரிந்து கையோடு வந்தது. பசை டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியே இருக்கிறது: 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே, பயன்படுத்தக் கூடாது. அந்தக் குளிரில் பசையின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகாமல் தனித்தனித் தூளாக நின்றுவிடுகின்றன. காற்று, பசை, பலகை, துணி நாலுமே அந்த வெப்பத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒட்டும் நேரத்துக்கு மட்டுமல்ல, காயும் இரவு முழுவதும். ஒரு நாள் உழைப்பும் எட்டு மீட்டர் துணியும் போயின. மே கடைசிவரை துணிப் பக்கமே போகவில்லை.

இன்னொரு விஷயம். துவைத்த துணியானாலும் பசை காயும்போது இன்னும் கொஞ்சம் இறுகும். வெளிப்பக்க மூலையில் அது வரம், துணி பலகையோடு இறுக்கிக்கொள்ளும். உள்பக்க மூலையில் அதுவே சாபம். சுவரும் கூரையும் சேரும் இடுக்கிலிருந்து துணி எழும்பி, மூலையைத் தொடாமல் குறுக்கே நிற்கும். பின்னால் வெற்றிடம். உட்புறத் துணி ஒட்டுவதற்கு முன் இந்த இடுக்குகளில் முக்கோணமாகச் சீவிய ஃபோம் துண்டை ஒட்டி, கூர்மையான மூலையை மழுக்கிவிட வேண்டும். நான் இரண்டு மூலைகளை ஒட்டிக் காய்ந்த பிறகு, அறுத்துத் திறந்துதான் இதைச் சரிசெய்தேன்.

துணி முடிந்ததும் வண்டியே வேறாகிவிட்டது. கையால் குத்தினால் சுவர் குத்துகிறது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த தவறு நடந்தது. கதவுக்கான கீலை நீளமான திருகாணி போட்டு நேராகச் சுவரிலேயே முடுக்கினேன். துணி, ஃபோம், மறுபக்கத் துணி மூன்றையும் கடக்கும் திருகாணி. நன்றாகத்தான் பிடித்தது. மகள் அதை வீடாக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது முறை கதவைத் திறந்து மூடினாள். இரண்டாவது வாரம் மேல்கீல் தளர்ந்து, ஒரு மாலை கதவு சாய்ந்து தொங்கியது. நாலு திருகாணியும் ஒவ்வொன்றின் நுனியிலும் இளஞ்சிவப்புத் தூளைச் சுமந்துகொண்டு வெளியே வந்திருந்தன. துளையைச் சுற்றித் துணி கிழியவில்லை. உள்ளே ஃபோம்தான் அரைபட்டு மாவாகியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். வேலியருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். துளையில் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினார். படகிலும் இதே கதைதான் என்றார். ஃபோம் நடுவில் வைத்த படகில், திருகாணி எங்கே இறங்குகிறதோ அங்கே ஃபோம் இருக்கக் கூடாது. தோலுக்கு விசை பரவலாகப் போனால் அது எவ்வளவும் தாங்கும், ஒரு புள்ளியில் குத்தினால் தாங்காது. அந்தப் புள்ளியில் மரம் வை, மரத்தைத் தோலோடு ஒட்டு, மிச்சத்தைத் தோல் பார்த்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். என் ஆறு மாத வேலையில் இதற்கு இணையான இரண்டு நிமிடம் வேறு இல்லை.

கீல் இருந்த இடத்தில் துணியை ஜன்னல்போல் வெட்டித் திறந்து, ஃபோமைச் சதுரமாகக் குடைந்து எடுத்தேன். உள்ளங்கையைவிடப் பெரிய பிளைவுட் கட்டைகளை அடுக்கி இரண்டு அங்குலத்துக்குக் கொண்டுவந்து, பாலியூரித்தேன் பசையில் குழிக்குள் இறக்கினேன். பசை நுரைத்துக்கொண்டு இடுக்கையெல்லாம் நிரப்பியது. மறுநாள் மேலே பிதுங்கியதைச் சீவிவிட்டு, பழைய துணியின்மேல் நாலு விரற்கடை ஏறும்படி புதுத்துணி ஒட்டினேன். கட்டையின் ஓரம் செங்குத்தாக முடியாமல் கொஞ்சம் சரிவாகச் சீவியிருந்தால் விசை இன்னும் மெதுவாக ஃபோமுக்கு மாறும். அதுவும் பெரியவர் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. சுவர், கூரை, கதவு எல்லாவற்றையும் தாளில் வரைந்தோம். எங்கெல்லாம் என்றைக்காவது ஒரு திருகாணி இறங்கக்கூடுமோ அங்கெல்லாம் மகள் சிவப்புப் புள்ளி வைத்தாள். கீல், தாழ்ப்பாள், காற்றாடி, பின்விளக்கு, நம்பர் பிளேட், உள்விளக்கு, அலமாரி, வெளியே நிழல்துணி கட்டும் வளையம். மொத்தம் 43 புள்ளி. ஒவ்வொன்றிலும் துணியை வெட்டித் திறந்து கட்டை பதித்து, மறுபடியும் துணி ஒட்டி மூடினோம். நீங்கள் கட்டினால் இந்தப் படத்தை முதல் நாளே வரையுங்கள். வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். ஈரத்துண்டு காயப்போடும் கயிறுக்குக் கொக்கி வேண்டும் என்று மனைவி சொன்னது எல்லாம் மூடிய பிறகு. அந்தக் கயிற்றை இப்போது காரின் மேல்கம்பியில் கட்டுகிறோம்.

பெயின்ட் சாதாரண வெளிச்சுவர் அக்ரிலிக். முதல் பூச்சு தண்ணீர் கலந்து நெசவுக்குள் இறங்கும்படி, அப்புறம் மூன்று பூச்சு கெட்டியாக. மகளுக்குக் கருநீலம் வேண்டும். கொடுக்க முடியவில்லை. இந்த ஃபோம் 74 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். நேர்வெயிலில் நிற்கும் அடர்நிறக் கூரை அந்த வெப்பத்தை நெருங்கிவிடும், துணிக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். கூரையும் பக்கங்களும் வெள்ளை. கதவுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு அவள் கேட்ட நீலத்தில் பட்டை ஒன்று ஓடுகிறது.

கூரையில் 14க்கு 14 அங்குலத் துளையில் உட்காரும் காற்றாடி. இதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். இந்தச் சுவர் காற்றையும் விடாது, ஈரத்தையும் விடாது. மூன்று பேர் மூடிய பெட்டிக்குள் மூச்சுவிட்டால் விடியற்காலை கூரையிலிருந்து சொட்டும். கீழே ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, மேலே காற்றாடியை மெதுவாக ஓடவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. காற்றாடியின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடாவைத்தான் வைக்க வேண்டும். நான் முதலில் சிலிக்கோன் வைத்தேன். ஹோஸில் தண்ணீர் அடித்துச் சோதித்தபோது ஒரு மூலையில் கசிந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகும் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்க மறுத்தது.

நெருப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பாலிஸ்டைரீன் எரியும், எரிந்தால் கறுப்புப் புகை கக்கும். வீட்டில் இந்தப் பலகையை வைத்தால் அதன்மேல் ஜிப்சம் பலகை மூடவேண்டும் என்று இங்கே கட்டட விதியே இருக்கிறது. நம் வண்டியில் அது கிடையாது. அதனால் அடுப்பு பின்பக்கம், தூக்கும் கதவுக்கு வெளியே இழுத்துவைத்துத்தான். உள்ளே மெழுகுவத்தி, கொசுவத்தி, கேஸ் ஹீட்டர், எதுவும் கிடையாது. புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கிறது. கதவு இரண்டு பக்கமும் இருக்கிறது. இந்த விஷயத்தில் நாங்கள் விருந்தாளிக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மின்வேலை சுருக்கம். நாலு கம்பி: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடதுபக்க இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும், பச்சை வலதுபக்கத்துக்கு அதே. வெள்ளைக் கம்பியைச் சட்டத்தில் ஒரு இடத்தில் முடுக்கிவிட்டு எல்லா விளக்குக்கும் சட்டமே எர்த் என்று விடாதீர்கள். போல்ட் போட்டுப் பூட்டிய, பெயின்ட் அடித்த சட்டம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக வெள்ளைக் கம்பி இழுத்த பிறகு விளக்கு ஒருநாளும் மினுக்கவில்லை. மிச்சிகனில் 2,500 பவுண்டுக்குக் குறைவான ட்ரெய்லருக்கு ஒரு தடவை பணம் கட்டினால் புதுப்பிக்கத் தேவையில்லாத நம்பர் பிளேட் கொடுக்கிறார்கள். அதற்கு எடைச் சீட்டு வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிகளை எடை போடும் மேடையில் ஏற்றினோம். 640 பவுண்டு. 290 கிலோ. மெத்தை, பேட்டரி, காற்றாடி எல்லாம் சேர்த்து. சீட்டைப் பிடித்துக்கொண்டு மனைவியும் நானும் அந்த மேடை ஓரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தோம்.

ஆனால் எடை குறைந்தால் மட்டும் போதாது என்று முதல் பயணம் காட்டியது. ஆகஸ்ட்டில் ஐ-75 சாலையில் வடக்கே போகிறோம். பே சிட்டி தாண்டி, ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது. அது இழுத்த காற்றில் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கியது. இடது, வலது, ஒவ்வொரு ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாக. ஸ்டியரிங்கில் அந்தத் துடிப்பு கைக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதிக்கத்தான் கால் போகும். மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. அடுத்த வெளிவாசலில் ஒதுங்கி நிறுத்தியபோது பின்சீட்டில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

தவறு ஏற்றிய விதத்தில். ட்ரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். குறைந்தால் வால் ஆடும். சாமான் எல்லாம் ஏற்றி எங்கள் வண்டி சுமார் 360 கிலோ. அப்படியென்றால் கொக்கியில் 36 கிலோவாவது வேண்டும். அன்றிரவு தங்கிய இடத்தில் குளியலறைத் தராசு ஒன்று இரவல் வாங்கி, கொக்கி உயரத்துக்கு மரக்கட்டை வைத்து முன்முனையை அதன்மேல் இறக்கினேன். 18 கிலோ. சமையல் பகுதி பின்னால் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர்க் கேன், சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே அடுக்கியிருந்தேன். 20 லிட்டர் கேனையும் பெட்டியையும் சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்ததும் தராசு 42 காட்டியது. வண்டி லேசாக இருந்தால் ஒரு தண்ணீர்க் கேன் எங்கே இருக்கிறது என்பதே பெரிய விஷயமாகிவிடுகிறது. அப்போதிலிருந்து தராசும் எங்களோடு பயணம் செய்கிறது. ஒவ்வொரு காலையும் கிளம்புமுன் ஒரு தடவை, முதல் நிறுத்தத்தில் சக்கர மையத்தைக் கையால் தொட்டுச் சூடு பார்ப்பது ஒரு தடவை.

மறுநாள், மிச்சிகனின் கீழ்ப்பகுதியை மேல்பகுதியோடு இணைக்கும் மேக்கினா பாலம். 1957ல் திறந்தது, ஏறக்குறைய ஐந்து மைல் நீளம். உள்பக்கத் தடம் இரும்புச் சல்லடை, கீழே தண்ணீர் தெரியும், டயர் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அன்று காற்று இருந்தது. வெளித்தடத்தில் மெதுவாகப் போனேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளைப் பெட்டி பசுமாட்டின் பின்னால் கன்று போல நேராக வந்தது.

சுப்பீரியர் ஏரிக்கரையின் பிக்சர்டு ராக்ஸில் ட்வெல்வ்மைல் பீச் என்ற இடத்தில் மூன்று இரவு. ஏரி கரைக்கு மேலே மணல்மேட்டில் பிர்ச் மரங்களுக்கு நடுவே. இரண்டாம் இரவு மழை வந்தது. துணித்தோலில் மழை விழும் சத்தம் தகரத்தில் விழுவதுபோல் இல்லை, விரல் நுனியால் மெத்தையில் தட்டுவதுபோல இருந்தது. வெளியே எட்டு டிகிரி. உள்ளே ஒரே ஒரு போர்வை போதும். மனைவி ஒரு தடவைகூட எழவில்லை. நான்தான் டார்ச்சை எடுத்து, எல்லா மூலையையும், காற்றாடி விளிம்பையும், அந்த மேல்கீலையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் உலர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் குறுகலான மண்பாதையில் ஒரு பைன் கிளை பக்கச் சுவரில் கீறிவிட்டது. ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் துணி கிழிந்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மணல்தாளால் தேய்த்து, பள்ளத்தில் பசை கலந்த ஃபோம் தூளை அடைத்தோம். துவைத்த கேன்வாஸில் ஒரு வட்டம் வெட்டி மகளிடம் கொடுத்தேன். அவள் கராஜ் சுவரில் மாட்டியிருந்த பாரன்ஹீட் தெர்மாமீட்டரை முதலில் போய்ப் பார்த்தாள். “61 இருக்குப்பா, ஒட்டலாம்” என்றாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ ஆரம்பித்தாள்.